விடியலுக்கு முன் கிளம்பியவர்கள்

'எலோப்மெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் இன்று கல்யாண போட்டோகிராபர்களின் கட்டணப் பட்டியலில் இருக்கிறது. மண்டபம், பந்தி, மொய் எதுவும் இல்லாமல் இருவர் மட்டும் மலையேரிக் கரையில் நின்று மோதிரம் மாற்றிக்கொள்வார்கள். அதை விடிகாலைப் பனியில் படமெடுப்பார்கள். எங்கள் ஆலங்குளத்தில் இந்தச் சொல்லுக்கு நேர்ச்சொல் 'ஓடிப்போறது'. "ரெண்டு பேரும் ஓடிட்டாவளாம்" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், அடுத்த கேள்வி "பையன் என்ன ஆளுவ?" என்பதாகத்தான் இருக்கும். வெளிச்சம் எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவன் இப்படியொரு படத்துக்கு இடம் கேட்டான். "அண்ணே, உங்க ஊர்ப் பக்கம் மலை, தண்ணி, சூரிய உதயம், கொஞ்சம் மூடியா வேணும்." இரு வீட்டாரும் சம்மதித்து, மண்டபமும் பேசி முடித்த கல்யாணம்தான். நான் செங்கோட்டைக்கு அருகே குண்டாறு அணையையும், கடையம் பக்கம் கடனாநதி, ராமநதி அணைகளையும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் மலை மேற்கே, சூரியன் கிழக்கே. மலை பின்னணியில் வேண்டுமென்றால் வெளிச்சம் நேராக முகத்தில் விழும். நிழலுருவமாக வேண்டுமென்றால் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து எடுக்க வேண்டும். ஜூன், ஜூலையில் சாரலும் மேகமும் உண்டு. ஆனால் காற்றில் தண்ணீர் அலையடிக்கும், கண்ணாடிபோல் நிற்காது. இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், தமிழில் ஓடிப்போனவர்களை முதலில் யார் 'பார்த்தார்கள்' என்று யோசித்தேன்.

குறுந்தொகையின் ஏழாம் பாடலில் அந்தக் காட்சி இருக்கிறது. பாடியவர் பெரும்பதுமனார். பாலை வழியே ஓர் ஆணும் பெண்ணும் போகிறார்கள். எதிரே வருபவர்களின் பார்வை முதலில் கால்களுக்குத்தான் போகிறது. அவன் காலில் வீரக்கழல், அவள் காலில் சிலம்பு. அக்காலத்தில் திருமணத்துக்கு முன் சிலம்பைக் கழற்றும் சடங்கு உண்டு. சிலம்பு இன்னும் காலில் இருக்கிறது என்றால் திருமணம் ஆகவில்லை. பார்த்தவர்களுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. அவர்கள் மறிக்கவில்லை, இரங்குகிறார்கள். உடன்போக்கின் முதல் சாட்சிகள் இந்த வழிப்போக்கர்கள்.

சாட்சிதான் இதில் மையம். பொய்யும் குற்றமும் தோன்றிய பிறகே பெரியோர் 'கரணம்' என்ற மணச்சடங்கை வகுத்தார்கள் என்கிறது தொல்காப்பியக் கற்பியல். உறவை மறுக்க முடியாதபடி ஊரறியச் செய்வதுதான் கரணம். பெண்ணைக் கொடுப்பவர் இல்லாதபோதும், உடன்போனவர்களுக்குக் கரணம் உண்டு என்று அதே இயல் சொல்கிறது. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில், சிலம்பு கழற்றும் சடங்கை உங்கள் வீட்டிலேயே செய்தாலும் திருமணமாவது எங்கள் வீட்டில் நடக்கட்டும் என்று பையன் வீட்டாரிடம் கேட்கச் சொல்கிறாள் பெண்ணின் தாய். போனவர்கள் திரும்பி வர வாசல் திறந்திருந்தது.

இங்கிலாந்தில் 1753-இல் ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் வந்தது. 21 வயதுக்குக் குறைந்தவர்கள் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றது. ஸ்காட்லாந்துக்கு அது பொருந்தாது. அங்கே சாட்சிகள் முன்னால் வாயால் சொன்னாலே திருமணம். ஜோடிகள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீன் என்ற கிராமத்துக்கு ஓடினார்கள். அங்கே கொல்லர்கள் பட்டறைக்கல் முன்னால் கல்யாணம் செய்துவைத்தார்கள். அந்தக் கல்லில் விழும் அடிதான் அவர்களுக்குக் கரணம்.

நமக்கு அந்தக் கொல்லுப்பட்டறையாக வந்தது சுயமரியாதைத் திருமணம். 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்தது முதலாவது. அண்ணா முதல்வரானதும் 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கினார். புரோகிதர் வேண்டாம். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும், தாலி கட்டினாலும் சரி. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். ஓடிவந்தவர்களுக்கு அது முகவரியைக் காட்டிக்கொடுப்பதுபோல. வழக்கறிஞர் அறையில் மறைவாக நடக்கும் திருமணம் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. எதிர்ப்புக்கு அஞ்சும் இருவரைப் பகிரங்கமாக மணக்கச் சொல்வது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள்.

ஆபத்து கற்பனை அல்ல. 2025 ஜூலையில், ஆலங்குளத்திலிருந்து ஒரு மணிநேரப் பேருந்துத் தொலைவிலுள்ள பாளையங்கோட்டையில், சாதி மீறிய காதலை ஒட்டி ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பார்த்தது என் தொழில்தான்.

ஆகவே ஓடிப்போனவர்களின் படத்தில் மூட்டம் இருக்காது. மாலையும் கழுத்துமாக, பின்னால் ஒரு வெள்ளைச் சுவர், இரண்டு முகமும் நேராக, கண் சிமிட்டாமல். பதிவு அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் நீட்டுவதற்கான படம் அது. "நாங்க மேஜரு, விரும்பித்தான் வந்தோம்" என்று அது சொல்ல வேண்டும். முகம் தெரியாத நிழலுருவம் அழகுதான். ஆனால் தம் முகத்தை யாரிடமும் நிரூபிக்கத் தேவையில்லாதவர்களுக்கு மட்டுமே அந்த அழகு வாய்க்கிறது. எல்லோருக்கும் அது வாய்க்கும் நாளில்தான், எங்கள் ஊரிலும் 'ஓடிப்போறது' ஒரு கட்டணப் பட்டியலில் வெறும் சொல்லாக இருக்க முடியும்.