கோணிக்குள் காத்த ஈரம்

சுருட்டைச் சீடார் மரப்பேழையில் காற்றுப் புகாது மூடி, ஈரப்பதத்தை 70 விழுக்காட்டளவில் காப்பது மேனாட்டுச் செல்வர் வழக்கம். தோலுக்குப் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர் வட்டாரத்திலோ, குடியாத்தத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கு நனைந்த கோணியே பேழை, அளவுகோல், விரல்கள்.

மத்திய இந்தியக் காடுகளிலிருந்து உலர்ந்து வரும் பீடி இலையை நீரில் ஊறவைத்து, கோணியில் பொதிந்து, பதம் கண்டபின்பே கத்தரிப்பர். காய்ந்தால் நொறுங்கும், ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். தோல் பதனிடுவோரின் வரலாற்றைப் பேசுமளவுக்கு இப்பதத்தை நாம் பேசுவதில்லை.

பேழைக்காரருக்குக் கெடுவது ஒரு சுருட்டு. இவர்களுக்குக் கெடுவது கூலி. எடைபோட்டுத் தந்த இலை போதாவிடில், குறையைக் கைக்காசில் வாங்கி நிரப்புவோர் பலர். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், இலை வழங்கலிலும் பீடி கழித்தலிலும் எழும் தகராறுகளை முறையிட வழிசெய்தது. வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளர் என்றே அது கொண்டது.