திடுக்கிடும் கணம்

எதிர்பாராமல் வெடி ஒன்று வெடித்தால் திடுக்கிடுகிறோம். 'பயந்துவிட்டீரோ?' என்று கேட்பவருக்கு 'இல்லை' என்று சொல்ல நாவால் இயலும். ஆனால் அதற்குள் கண்ணிமை உண்மையைச் சொல்லி முடித்திருக்கும். சொல்லுக்கு முந்திய இந்த விடையை அளக்க முயன்றவர்களின் வரலாற்றில் கல்கத்தா நகருக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே அளவைக்கு உட்பட்டது மனிதனன்று, தொட்டாற்சுருங்கிச் செடி!

1901 ஜூன் மாதம் லண்டன் ராயல் சொஸைட்டியில் ஜகதீச சந்திர போஸ், செடிகளும் தூண்டுதலுக்கு மின் துடிப்பால் விடையளிக்கின்றன என்று விளக்கினார். உடலியல் பேரறிஞர் பர்டன் சாண்டர்ஸன் அதனை ஏற்கவில்லை. கட்டுரை அப்போது அச்சேறவில்லை. வாதத்தால் வெல்ல இயலாததைக் கருவியால் வெல்ல முற்பட்டார் போஸ். செடியே தன் கதையை எழுத வேண்டும், மனிதக் கை அதில் குறுக்கிடலாகாது என்பது அவர் நோக்கம். புகை படிந்த கண்ணாடியின்மேல் மெல்லிய கம்பி அதிர்ந்து அதிர்ந்து புள்ளியிடும். விநாடிக்கு நூறு அதிர்வு எனில், இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட காலம் விநாடியில் நூற்றில் ஒரு பங்கு. தூண்டுதலுக்கும் இலை அசைவதற்கும் இடையே எத்தனை புள்ளிகள் என்று எண்ணினால் போதும். களைத்த செடி தாமதித்தது. வெப்பம் ஏறிய செடி விரைந்தது. 1913-இல் ராயல் சொஸைட்டியே இம்முறையை விவரிக்கும் கட்டுரையை வெளியிட்டது. 1917 நவம்பர் 30 அன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது.

அதே நகரில் பல்கலைக்கழகத்தின் சோதனை மனவியல் துறை 1916-இல் தோன்றியிருந்தது. அத்துறையில் பணியாற்றிய கிரீந்திரசேகர போஸ் நோயாளியின் சொற்களைக் கேட்டு மனத்தை அறிய முயன்றவர். 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஒருவர் சொல்லைக் கேட்டார். மற்றவர் சொல்லற்ற உயிரை எழுதவைத்தார். மனிதத் திடுக்கீட்டின் ஆராய்ச்சி கல்கத்தாவிலிருந்து பிறந்தது என்று கூறுவது மிகை. ஆயினும் இரண்டாவது வழியின் நோக்கமே அதற்கும் உரியது.

அமெரிக்காவில் லாண்டிஸ், ஹன்ட் என்னும் இருவர் துப்பாக்கி வெடியோசைக்கு மனிதர் திடுக்கிடுவதை அதிவேகத் திரைப்படக் கருவியால் பதிந்து, 1939-இல் நூலாக்கினர். எல்லாவற்றிற்கும் முன் கண் இமைத்தது. பின்னரே தலையும் தோளும் அசைந்தன. இன்று படச்சுருள் தேவையில்லை. கண்ணுக்குக் கீழே இரு சிறு மின்வாய்களை ஒட்டி, காதில் திடீர் ஓசையை எழுப்புகிறார்கள். ஏறத்தாழ விநாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கிற்குள் இமைத்தசை துடித்துவிடும்.

வியப்பு இனிமேல்தான். பேரோசைக்குச் சற்று முன், விநாடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில், மெல்லிய ஓசை ஒன்று ஒலித்தால் திடுக்கீடு குறைகிறது. மூளை தன் வாயிலைச் சிறிது சாத்திக்கொள்கிறது எனலாம். ஸ்கிஸோஃப்ரினியா என்னும் மனநோய் உள்ளவர்களிடம் இக்குறைவு போதிய அளவு நிகழ்வதில்லை என்று 1978-இல் பிராஃப் முதலியோர் அறிவித்தனர். தம் உள்ளத்தில் நிகழ்வதை எடுத்துரைக்க இயலாத நோயாளியிடமிருந்தும், வினா ஒன்றும் கேட்காமல், ஒரு விடை கிடைத்தது.

ஆனால் நேயர்கள் இதனை நோயறியும் சோதனை என்று கொள்ளலாகாது. புகைபிடித்தாலும், சில மருந்துகளை உட்கொண்டாலும் இவ்வளவு மாறும்; ஆண் பெண் வேறுபாடும் உண்டு. குழுக்களை ஒப்பிடும்போது தெளிவாகத் தோன்றும் வேறுபாட்டை வைத்து, எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி மருத்துவர் தீர்ப்புக் கூறுவதற்கில்லை. அவர் இன்னமும் நோயாளியிடம் பேசித்தான் ஆகவேண்டும்.