ஆங்கிலோ-சாக்சன் பெண்களின் உடை: கல்லறைச் சான்றுகள்

கி.பி. 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் புதைக்கப்பட்ட பெண்களின் துணிகள் பெரும்பாலும் மக்கிவிட்டன. உலோக அணிகள் எஞ்சின. எலும்புக்கூட்டின் இரு தோள்களிலும் இணையாகக் கிடைக்கும் ப்ரூச்சுகள் (ஊசி பொருத்திய உலோக அணிகள்), குழாய் வடிவ அங்கியைத் தோளில் பிணைத்தவை. அவற்றின் நடுவே கண்ணாடி, அம்பர் மணிச்சரங்கள் தொங்கின. இடுப்பருகே கத்தியும் கொக்கியும் கிடைப்பதால் இடைவார் அணிந்தது தெரிகிறது. ஆங்கிலோ-சாக்சன்களில் ஒரு பிரிவினரான ஆங்கிள்கள் குடியேறிய பகுதிகளின் மணிக்கட்டுக் கொக்கிகள், உள்ளாடைக்கு நீண்ட கைகள் இருந்ததைக் காட்டுகின்றன. எல்லாவற்றிலும் அரிய சான்று ப்ரூச்சின் பின்புறத்தில் இருக்கிறது: உலோகத் துருவில் உறைந்துபோன கம்பளி, லினன் இழைகள். நெசவு வகையைக்கூட அவை சொல்லும்! ஆனால் கல்லறையில் தெரிவது புதைத்தவர்கள் உடுத்திவிட்ட கோலம். அன்றாட உடையும் இதுவே என முடிவுகட்டுவது அவசரம். 7-ஆம் நூற்றாண்டில் தோள் ப்ரூச் இணைகள் மறைந்து, சிறு ஊசிகளும் பதக்க மாலைகளும் வழக்கத்துக்கு வந்தன.