கோப்புக்குப் பூட்டு இருக்கு, பூட்டோட விதிக்கு?

இன்னைக்கு எபிசோட் 2007-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கிற ஒரு உதாரணத்தைப் பற்றியது. எழுதினவங்க ஜான் பெத்தன்கோர்ட், அமித் சஹாய், பிரென்ட் வாட்டர்ஸ்.

உதாரணம் இதுதான். அமெரிக்காவில் எஃப்பிஐ-யின் ஊழல் விசாரணைப் பிரிவு ஒரு லஞ்சப் புகாரை விசாரிக்குது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிற ஒரு அரசியல் தரகர், டென்னசி மாநிலத்து காங்கிரஸ் உறுப்பினர் ஒருத்தர், இவங்க ரெண்டு பேர் மேலதான் புகார். கற்பனை வழக்குதான். விசாரணையின் தலைமை அதிகாரி ஒரு ரகசியக் குறிப்பு எழுதுறார். அதை யார் திறக்கலாம்? நாக்ஸ்வில் அல்லது சான் ஃபிரான்சிஸ்கோவில் ஊழல் பிரிவில் இருக்கிறவங்க திறக்கலாம். இல்லேன்னா ஒரு குறிப்பிட்ட நிலைக்கு மேல இருக்கிற அதிகாரி. அதுவும் இல்லேன்னா, பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஒரு ஆலோசகர்.

வழக்கமா இந்த மாதிரி விதியைக் காவல் காக்கிறது சர்வர். சர்வரை யாராவது உடைச்சா எல்லாம் போச்சு. இந்தக் கட்டுரை காட்டின வழியில் விதியே பூட்டா மாறிடுது. கோப்பை எங்கே வேணும்னாலும் போட்டு வைக்கலாம். உங்க பதவி, துறை, ஊர் எல்லாம் உங்க சாவிக்குள்ளே இருக்கும். அது விதிக்குப் பொருந்தினால் திறக்கும், பொருந்தாவிட்டால் திறக்காது. இதுக்குப் பேர் ஆட்ரிபியூட்-பேஸ்டு என்க்ரிப்ஷன், சுருக்கமா ஏபிஇ.

இது திடீர்னு வந்ததில்லை. ஒருவரின் பெயரையோ முகவரியையோ வைத்தே அவருக்கு எழுதுவதைப் பூட்டலாம் என்ற எண்ணத்தை 1984-ல் அடி ஷமிர் முன்வைத்தார். நடைமுறைக்கு ஏற்ற வழி கிடைக்க 2001 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2005-ல் சஹாயும் வாட்டர்ஸும் பெயருக்குப் பதிலா பல தகுதிகளின் தொகுப்பை வைத்தார்கள். 2006-ல் விபுல் கோயல், ஓம்காந்த் பாண்டே இவங்களோட சேர்ந்து விதியைச் சாவிக்குள் வைத்தார்கள். 2007-ல்தான் விதி கோப்போட சேர்ந்து போக ஆரம்பிச்சது.

சிக்கலும் அங்கேதான் இருக்கு. சாவியின் எந்தப் பகுதியை எங்கே போடணும்னு திறப்பவருக்குத் தெரியணும். அதனால விதி கோப்போட சேர்ந்து வெளிப்படையாவே போகுது. இப்ப அந்த எஃப்பிஐ கோப்பு தவறான கைக்குப் போகுதுன்னு வெச்சுக்கோங்க. குறிப்பில் ஒரு எழுத்தைக்கூட அவரால் படிக்க முடியாது. ஆனா ஊழல் பிரிவு, ரெண்டு ஊர், ஒரு ஆளோட பெயர் எல்லாம் தெரியும். டென்னசி காங்கிரஸ்காரருக்கு அது போதாதா? தப்பிக்க வேண்டியவர் தப்பிச்சிடுவார், அந்த ஆலோசகர் மாட்டிப்பார். மருத்துவமனையிலும் இதே கதைதான். ஒருத்தரோட கோப்பை மனநல டாக்டர் மட்டும் திறக்கலாம்னு விதி சொன்னா, உள்ளே என்ன இருக்குன்னு தனியா படிக்கணுமா?

2008-ல் ரெண்டு வழிகள் வந்தன. முதல் வழி ஜோனதன் காட்ஸ், சஹாய், வாட்டர்ஸ் மூவருடையது. அதன் அடிப்படை பள்ளிக்கூடக் கணக்குதான். நாக்ஸ்வில்லுக்கு 3, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு 7 என்று எண் கொடுப்போம். உங்க ஊர் எண்ணிலிருந்து 3-ஐக் கழிங்க, தனியா 7-ஐயும் கழிங்க, ரெண்டு விடையையும் பெருக்குங்க. ரெண்டில் எந்த ஊரா இருந்தாலும் விடை பூஜ்ஜியம். இந்தப் பெருக்கலை விரிச்சு எழுதினால் 1, −10, 21 என்ற மூணு எண்கள் வரும். கோப்புக்குள் மறைவாக இருப்பது அந்த மூணுதான். சாவியில் இருப்பது உங்க எண்ணின் வர்க்கம், உங்க எண், 1. ஏழாம் எண்காரருக்கு 49 − 70 + 21 = 0, பூட்டு திறக்கும். ஐந்தாம் எண்காரருக்கு −4 வரும், பூட்டு திறக்காது. எந்த ஊர்களுக்கான விதின்னும் அவருக்குத் தெரியாது. ஆனா நிபந்தனைகள் கூடக்கூட இந்த எண்களின் பட்டியல் பெருக்கல் கணக்கில் வீங்கிடும்.

இரண்டாவது வழி ஜப்பானிய ஆய்வாளர்கள் நிஷிடே, யோனெயாமா, ஓட்டா காட்டியது. துறை, ஊர் என்ற தலைப்புகள் வெளியே தெரியட்டும், எந்தத் துறை, எந்த ஊர் என்பது மறையட்டும். இது பாதி மறைப்பு. ஆனா இங்கேயும் உங்க சாவி பொருந்துமான்னு பார்த்துச் சொல்ல முடியாது, போட்டுத்தான் பார்க்கணும்.

2015-ல் செர்கே கோர்புனோவ், சென்னை ஐஐடியில் படித்த வினோத் வைகுண்டநாதன், ஹோடெக் வீ மூவரும் எவ்வளவு சிக்கலான விதியையும் மறைக்க வழி காட்டினார்கள். அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. திறக்க முடியாதவரிடமிருந்து மட்டும்தான் அது மறைக்கும். திறந்தவர் விதியையும் தெரிஞ்சுக்க முடியும்.

ஆக, இதுல எதுவும் இலவசம் இல்லை. விதியை மறைக்க மறைக்க வேகமோ, விதி எழுதும் சுதந்திரமோ குறையுது. அதனால ஒரு மருத்துவமனையோ அரசு அலுவலகமோ ஏபிஇ பயன்படுத்தப் போறதா சொன்னா, கோப்பு பூட்டியிருக்கான்னு மட்டும் கேட்டு நிறுத்திடாதீங்க. விதி யார் கண்ணில் படும்னும் கேளுங்க. 2007 உதாரணத்தில் மாட்டிக்கிற அந்த ஆலோசகருக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

இந்தச் சாவிகளையெல்லாம் கொடுக்கிறவரை யார் கண்காணிக்கிறது? அதை அடுத்த எபிசோடில் பேசுவோம்.