வளைகுடாவில் பிறந்த பிள்ளைக்கு எந்த நாடு?

இரட்டைப் பிரசாவுரிமை என்று கதை எடுத்தால் எங்கட ஆட்கள் கனடா, லண்டன், சுவிஸ், நோர்வே என்றுதான் கதைப்பார்கள். டுபாயிலும் குவைத்திலும் கட்டாரிலும் கிடந்து உழைக்கிற சனத்தை ஒருவரும் நினைப்பதில்லை. பிரசாவுரிமையின் உண்மையான பெறுமதி என்னவென்று அறிய வேண்டுமானால் அங்கேதான் பார்க்க வேண்டும். அங்கே இரண்டாவது பாஸ்போட் என்ற பேச்சுக்கே இடமில்லை. கையில் இருக்கிற ஒன்று பிழைத்தால் எல்லாம் பிழை.

1973 இல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா நாடுகளுக்கு ஆள் தேவைப்பட்டது. இலங்கையிலிருந்து முதலில் ஆண்களும், பிறகு வீட்டுவேலைக்குப் பெருந்தொகையாகப் பெண்களும் போனார்கள். 1985 இல் இதற்கென்றே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டப்படி அமைக்கப்பட்டது. மத்திய கிழக்கு நாடுகளுக்கு மட்டும் செல்லுபடியாகிற பாஸ்போட் ஒன்றையும் இலங்கை அரசு தனியாக அடித்துக் கொடுத்தது. உழைக்கப் போகிறவனுக்கு உலகம் முழுக்க எதற்கு என்று நினைத்தார்கள் போலும்!

83 கலவரத்துக்குப் பிறகு வடக்கு கிழக்கிலிருந்து போன பொடியளுக்கு அது உழைப்பு மாத்திரமல்ல, உயிர் தப்புகிற வழியும்தான். ஆனால் அங்கே போய் அகதி என்று சொல்ல முடியாது. 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சவூதி, குவைத், கட்டார், பஹ்ரேன், ஓமான், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய ஆறில் ஒன்றுகூடச் சேரவில்லை. ஐரோப்பாவில் அகதியாக ஏற்கப்பட்டவருக்கு அந்த உடன்படிக்கையின் 28 ஆம் பிரிவுப்படி பிரயாணப் பத்திரம் கிடைக்கும். அவர் தானாகவே போய்ச் சொந்த நாட்டுப் பாஸ்போட்டை எடுத்தால் அகதி அந்தஸ்துக்கே ஆபத்து வரலாம். வளைகுடாவில் இருந்தவருக்கோ நேர் எதிர். எந்த அரசுக்குப் பயந்து ஓடினாரோ, அந்த அரசின் தூதராலயத்தில் வரிசையில் நின்று பாஸ்போட்டைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் விசா இல்லை, விசா இல்லாவிட்டால் வேலையும் இல்லை. அந்தப் பாஸ்போட்டும் அனேகமாக முதலாளியின் அலுமாரிக்குள்தான் கிடந்தது. தொழிலாளியின் பத்திரங்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்று அமீரகத்தின் 2021 ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 1990 ஓகஸ்ட் 2 இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது பாஸ்போட் கையில் இல்லாதவர்களின் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

அங்கேயே பிரசையாகலாம்தானே என்று கேட்கலாம். அமீரகத்தின் 1972 ஆம் ஆண்டு 17 ஆம் இலக்கச் சட்டம் அரபியல்லாதவர் முப்பது வருஷம் வசித்திருக்க வேண்டும், பழைய பிரசாவுரிமையை விட வேண்டும் என்றது. 2021 ஜனவரியில் முதலீட்டாளர், மருத்துவர், விஞ்ஞானி, கலைஞர் போன்றோரை, பழையதை வைத்துக்கொண்டே, அரச தரப்புச் சிபாரிசில் சேர்க்கலாம் என்று மாற்றினார்கள். கொங்கிறீட் போடுகிறவனுக்கும் சமையற்காரனுக்கும் அதில் இடமில்லை. குவைத்தின் 1959 ஆம் ஆண்டுச் சட்டம் 1920 இற்கு முன் குடியேறியவர்களின் வழிவந்தவரையே அடிப்படைப் பிரசைகளாகக் கொண்டது. அதை நிரூபிக்க முடியாத அந்த மண்ணின் அரபிகளே தலைமுறையாக ‘பிதூன்’ என்று நாடற்றவர்களாய் இருக்கிறார்கள்.

பாட்டன் எங்கே பிறந்தான் என்று காட்டு என்கிற இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதில்லை. 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்தவரா, இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்தவர்களா என்று கேட்டது. மலையகத் தோட்டங்களில் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவது? லட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் பங்குபோடப் பேசியது 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை. மிச்சமிருந்தோருக்கு வழி பிறந்தது 2003 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான்.

மலையக மக்களை வெளியே தள்ளிய அதே சட்டந்தான் அரைநூற்றாண்டு கழித்து வளைகுடாப் பிள்ளைகளையும் பிடித்தது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் இலங்கைப் பிரசையாக இருக்க வேண்டும், பிறப்பை ஒரு வருஷத்துக்குள் தூதராலயத்தில் பதிய வேண்டும் என்பது அதன் 5 ஆம் பிரிவு. வேற்று நாட்டவரைக் கல்யாணம் முடித்த இலங்கைப் பெண்ணின் பிள்ளைக்குத் தாய்வழியாக ஒன்றும் கிடையாது. தகப்பன் கைவிட்டுப் போயிருந்தாலும் சட்டம் தகப்பனைத்தான் தேடும். மண்ணில் பிறந்ததற்காக அரபு நாடும் கொடுக்காது. இந்த அநியாயம் 2003 ஆம் ஆண்டு 16 ஆம் இலக்கத் திருத்தத்தோடுதான் நீங்கியது. அதன்படி தாயோ தகப்பனோ ஒருவர் பிரசையாக இருந்தால் போதும்.

இரட்டைப் பிரசாவுரிமைக்குக் கதவு திறந்தது அதற்கும் முன்னர், 1987 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கத் திருத்தத்தில். வேறு நாட்டுப் பிரசையாகப் போகிறவர் பழையதை வைத்திருக்கவும், ஏற்கனவே இழந்தவர் திரும்பப் பெறவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதனால் இலங்கைக்கு நன்மை உண்டென்று அமைச்சர் திருப்திப்பட வேண்டும். ஆகவே அதை உரிமை என்று சொல்வதிலும் பார்க்கச் சலுகை என்று சொல்வதே சரி. 2011 இல் நிறுத்தினார்கள், 2015 இல் திரும்பத் தொடங்கினார்கள். இரட்டைப் பிரசைகள் பாராளுமன்றத்துக்கு வரக்கூடாதென்று 2015 இல் 19 ஆவது திருத்தம் தடுத்தது, 2020 இல் 20 ஆவது விட்டது, 2022 இல் 21 ஆவது மறுபடி தடுத்தது. யாருடைய குடும்பத்துக்காக இந்த விளையாட்டு என்று வாசகர்களுக்குத் தெரியும்.

ஐரோப்பாவில் இருக்கிற எங்களுக்கு இன்னொரு நாட்டுப் பாஸ்போட் கையில் இருந்துகொண்டுதான் இந்த வாதமெல்லாம். சார்ஜாவில் இருபது வருஷம் உழைத்தவருக்கு அறுபது வயதில் விசா முடிந்தால் திரும்பிப் போக ஒரே ஒரு நாடுதான். அங்கே பிறந்த பிள்ளையின் பிறப்பை அந்தக் காலத்தில் பதியாமல் விட்டிருந்தால் அதுவும் சிக்கல். தக்க காரணம் காட்டினால் ஒரு வருஷம் கழிந்தும் பதிய அமைச்சர் அனுமதிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. வளைகுடாவில் சொந்தக்காரர் உள்ளவர்கள் சித்திரை வருஷத்துக்குப் போன் எடுக்கும்போது, பிள்ளையளின் பிறப்பு எம்பசியில் பதிந்ததா என்று ஒருக்காக் கேளுங்கோ.