பட்டறைக்கும் பள்ளிக்கும் நடுவே: கோவை வட்டாரத்தில் தொழில் வழிகாட்டலின் வரலாறு

கோவையின் பொறியியல் தொழில் பள்ளிக்கூடத்தின் தயவில் வளர்ந்ததல்ல. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை வந்தது; 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்த்த பட்டறைகளும், கிணற்றில் இறவைக்கு மோட்டார் தேடிய உழவர்களும் சேர்ந்து அந்தத் தொழிலை உருவாக்கினார்கள். 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் போன்ற சில இடங்களை விட்டால், தொழில் கற்க வழி உறவும் சிபாரிசும்தான். உறவில்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தெருக்கோடி வார்ப்படச் சாலையில் என்ன நடக்கிறதென்றே தெரியாது. இந்த இடைவெளியை நிரப்ப அரசு பலமுறை முயன்றது. ஒவ்வொரு முறையும் சறுக்கியதற்குக் காரணம் நிதிக் குறைவோ ஆர்வக் குறைவோ மட்டுமல்ல. எல்லா மாணவருக்கும் காட்டியிருக்க வேண்டியதைச் சிலருக்கான தனிப் பிரிவாக ஆக்கியதே என்பது என் வாதம்.

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் கோவைக்காரர், தொழிலோடு இணைந்த கல்வியில் ஊறியவர். அவர் காலத்தில்தான் உயர்நிலைப் பள்ளிகளில் பொறியியல் உள்ளிட்ட தனிப்பாடப் பிரிவுகள் புகுந்தன. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு 1953இல் பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. பெயர்கள் மாறினாலும் மாணவரை இரண்டாகப் பிரிக்கும் கவட்டைப் பாதை மாறவில்லை. பொறியியல் கல்லூரியில் தொழிற்பிரிவினருக்குக் கிடைத்தது சிறு ஒதுக்கீடுதான். எனவே மதிப்பெண் உள்ளவர்கள் அறிவியல் பிரிவுக்குப் போனார்கள். பட்டறையைப் பார்க்காமலேயே பொறியாளரும் ஆனார்கள்.

உள்ளூர்த் தொழிலை எல்லா மாணவருக்கும் காட்ட வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்பு 1953இலிருந்தே எழுகிறது. ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டம் பாதிநேரப் பள்ளியும் பாதிநேரம் பெற்றோர் தொழிலும் என்று வந்து, குலக்கல்வி என்ற கண்டனத்துக்கு ஆளாகி, அடுத்த ஆண்டே காமராசரால் கைவிடப்பட்டது. உள்ளூர்த் தொழிலைக் காட்டுவது பிள்ளையைப் பிறந்த இடத்திலேயே கட்டிப்போடாதா? கேள்வி நியாயமானது; அந்தத் திட்டத்தை எதிர்த்ததும் சரியே. ஆனால் அது பிள்ளையை அனுப்பியது தன் வீட்டுத் தொழிலுக்கு. நான் சொல்வது அடுத்தவர் தொழிலை, அதுவும் ஒரே வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பதை. உறவுக்குள் அடைபட்ட அறிவு பொதுவானால் குலத்தின் பிடி தளருமே தவிர இறுகாது.

வேறொரு மறுப்பும் உண்டு: உள்ளூர்த் தொழில் நிலையற்றது, கோவை ஆலைகள் பல மூடவில்லையா என்பார்கள். மூடின. ஆனால் மாணவர் கற்பது ஆலையோடு மூடிப்போவதில்லை. வார்ப்பு மணலில் ஈரம் மிஞ்சினால், உருக்கிய இரும்பை ஊற்றும்போது அந்த ஈரம் ஆவியாகி பம்பின் உடலில் துளை விழும். வேதியியலும் வெப்பவியலும் சேரும் இந்த இடத்தைப் புரிந்துகொண்ட மாணவர் எந்தத் தொழிலுக்குப் போனாலும் அந்த அறிவு கூடவே போகும். வார்ப்படச் சாலை ஆபத்தான இடம், அதனால் பதினெட்டு வயதுக்குள் அங்கே வேலை செய்யக்கூடாது என்ற சட்டமும் சரியானதே. பாதுகாப்போடு ஆசிரியர் அழைத்துச்சென்று காட்டுவதை அது தடுக்கவில்லை.

2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பிரிவு பார்க்காமல் அரசுப் பள்ளி மாணவர் எல்லோரையும் எட்ட முயல்கிறது. அந்த வகையில் பழைய பிழையிலிருந்து விலகியது. ஆனால் அதன் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் பிளஸ் டூ முடித்தவரிடம் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்றே பேசுகின்றன. ஒன்பதாம் வகுப்பிலேயே மாவட்டத்தின் தொழில்களைக் காட்டும் வேலையும் பள்ளியின் பாட அட்டவணைக்குள் இடம்பிடிக்க வேண்டும்.