ஈறெலும்பின் இடைவெளி: பிளவு உதட்டுச் சிகிச்சையில் எந்தப் படம், எப்போது?

உதட்டைத் தைத்து, அண்ணத்தை மூடிவிட்டால் வைத்தியம் முடிந்தது என்றுதான் பிளவு உதட்டுடன் பிறந்த குழந்தைகளின் குடும்பங்கள் பலவும் நினைக்கின்றன. ஆனால் பலருக்கு வெளியே தெரியாத பிளவு ஒன்று உள்ளே மிச்சமிருக்கும். மேல்தாடையில் பற்களைத் தாங்கும் ஈறெலும்பு, பெரும்பாலும் கோரைப்பல்லை ஒட்டிய இடத்தில், தொடர்ச்சி அறுந்து கிடக்கும். கருவின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில் ஒன்றுசேர வேண்டிய முகப் புடைப்புகள் சேராமற்போனதன் விளைவு அது. அந்த இடத்தில் எலும்பு இல்லாவிட்டால் கோரைப்பல் இறங்க வழியிருக்காது, மூக்கின் அடிப்பகுதிக்கும் தாங்கல் இருக்காது.

இடுப்பெலும்பிலிருந்து சிறிது எலும்பு எடுத்து அந்த இடைவெளியை நிரப்பும் முறையை அமெரிக்காவில் பாய்ன், சாண்ட்ஸ் இருவரும் 1972இல் விவரித்தார்கள். கோரைப்பல் வெளிவருவதற்கு முன், ஏறத்தாழ 9 முதல் 11 வயதுக்குள், இதைச் செய்வது இன்று வழக்கமாகிவிட்டது. வைத்த எலும்பு பிடித்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. படம்தான் சொல்ல வேண்டும். எந்தப் படம் என்பதில்தான் தகராறு.

நார்வேயின் ஓஸ்லோ மருத்துவர்கள் பல் மருத்துவமனையின் சாதாரண எக்ஸ்ரே படத்தை வைத்தே இதற்கு ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். பெர்க்லாண்ட் குழு 1986இல் வெளியிட்ட அந்த அளவுகோலில் நான்கு நிலைகள் உண்டு. பற்களுக்கு இடையிலான எலும்பு ஏறக்குறைய இயல்பான உயரத்தில் இருந்தால் முதல் நிலை. முக்கால் பங்காவது இருந்தால் இரண்டாவது. அதற்கும் குறைந்தால் மூன்றாவது. எலும்புப் பாலமே இல்லையென்றால் நான்காவது. முதல் இரண்டும் வெற்றிக் கணக்கில் சேரும். எளிமையான, செலவு குறைந்த முறை.

இதன் குறை படத்திலேயே இருக்கிறது. அது தட்டையானது. ஒரு சுவரை முன்னால் நின்று பார்த்தால் உயரம் தெரியும்; அது நாலரை அங்குலச் சுவரா, ஒன்பது அங்குலச் சுவரா என்பது தெரியாது. ஒட்டு எலும்பு உதட்டுப் பக்கமிருந்து அண்ணப் பக்கம்வரை எவ்வளவு கனமாக நிற்கிறது என்பதைப் பல் எக்ஸ்ரே காட்டாது. தாளைப்போல் மெலிந்த எலும்புகூட உயரம் சரியாக இருந்தால் முதல் நிலையில் தேர்ச்சி பெற்றுவிடும். பின்னாளில் அங்கே செயற்கைப் பல் பொருத்தத் துளையிடும்போதுதான் உண்மை வெளிப்படும்.

இந்த இடத்தில்தான் கோன் பீம் சிடி நுழைந்தது. இத்தாலியின் வெரோனாவில் மோட்ஸோ குழுவினர் 1998இல் அறிமுகப்படுத்திய கருவி, கூம்பு வடிவக் கதிர்க்கற்றையைத் தலையைச் சுற்றி ஒரு முறை ஓடவிட்டு முப்பரிமாணப் படம் தருகிறது. இடைவெளியின் கன அளவு, முளைக்காத கோரைப்பல் சாய்ந்து கிடக்கும் திசை, கூடுதலாக முளைத்த பல், பக்கத்துப் பல்லின் வேரை மூடியிருக்கும் எலும்பின் மெலிவு ஆகியவை எல்லாம் தெரியும். ஆனால் தசையும் தோலும் இதில் சரியாகப் பிரியாது. எலும்பின் அடர்த்தியை வழக்கமான சிடியைப்போல் எண்ணாக நம்பிப் படிக்கவும் முடியாது. படம் எடுக்கும் நேரத்தில் பிள்ளை தலையை அசைத்துவிட்டால் எல்லாம் கலங்கிப்போகும். பேசும்போது அண்ணம் மூக்கு வழியை அடைக்கிறதா என்ற கேள்விக்கு இது விடையே தராது. அதற்கு மூக்கு வழி உள்நோக்கியோ, அசையும் எக்ஸ்ரே காணொளியோ வேண்டும்.

கதிர்வீச்சுக் கணக்கும் உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் தரும் அளவுகளின்படி, கோன் பீம் சிடிக்கான கதிரளவு கருவியையும் படமெடுக்கும் பரப்பையும் பொறுத்துச் சில பத்து மைக்ரோசீவர்ட் முதல் ஆயிரம்வரை மாறும். வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு படத்துக்கு அது ஒற்றை இலக்கத்திலேயே அடங்கிவிடும். இயற்கையாகவே ஒருவர் ஓராண்டில் பெறுவது உலகச் சராசரியில் சுமார் 2,400 மைக்ரோசீவர்ட். ஒரே ஒரு ஸ்கேன் அச்சத்துக்குரியதல்ல. ஆனால் பிளவுக் குழந்தைக்குப் பிறந்தது முதல் இருபது வயதுவரை படங்கள் எடுத்தபடியே இருக்கிறார்கள். வளரும் உடலில் அவற்றின் கதிரளவு கூடிக்கொண்டே போகிறது.

எளிய படங்கள் சாதித்தது குறைவல்ல. பிரிட்டனில் 57 மையங்களில் பிளவுச் சிகிச்சை சிதறிக் கிடந்தபோது, தேசிய அளவிலான ஆய்வு ஒன்று 12 வயதுக் குழந்தைகளின் ஒட்டெலும்பைப் பல் எக்ஸ்ரேயில் மதிப்பிட்டது. வெற்றி 58 விழுக்காடு மட்டுமே. 1998இல் வந்த அந்த அறிக்கைதான் சிகிச்சையைச் சில பெரிய மையங்களில் குவிக்க வைத்தது. இலங்கையின் காலியில் பல்சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ் செய்த பணி இன்னும் சுவையானது. அறுவை சிகிச்சையே நடக்காமல் வளர்ந்துவிட்டவர்களின் பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேக்களை அளந்து, அவர்களுடைய மேல்தாடை பெருமளவு இயல்பாகவே வளர்ந்திருப்பதை அவரும் சக ஆய்வாளர் ஹூஸ்டனும் 1990இல் காட்டினார்கள். அறுவை செய்துகொண்டவர்களின் முகம் உள்வாங்குவதற்குப் பிறவிக் குறையைவிட அறுவையின் தழும்பே பெரிய காரணம் என்ற வாதம் அங்கிருந்து வலுப்பெற்றது. அதற்கு முப்பரிமாணம் தேவைப்படவில்லை.

எனவே, ஒவ்வொரு கட்டத்திலும் முப்பரிமாண ஸ்கேன் என்ற இன்றைய நாட்டம் ஏற்கத்தக்கதல்ல. எலும்பு ஒட்டுக்கு முன் திட்டமிட, இடைவெளிக்கு மட்டும் சுருக்கிய பரப்பில் ஒரு முறை எடுப்பதில் நியாயம் உண்டு. ஒட்டியபின் கண்காணிக்கப் பல் எக்ஸ்ரே போதும். கோரைப்பல் இறங்க மறுத்தாலோ, செயற்கைப் பல் பொருத்தும் முடிவு வந்தாலோ மறுபடி கோன் பீம் சிடியை நாடலாம். ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் ஸ்கேனை, பெற்றோரிடம் அப்படியே சொல்லி ஒப்புதல் பெற்றுத்தான் எடுக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பழைய எக்ஸ்ரேக்களையும் சிடி குறுந்தகடுகளையும் தூக்கிப் போடாதீர்கள். மருத்துவமனை மாறும்போது அவற்றைக் கையோடு கொண்டுபோய், புதிதாக எடுக்கச் சொன்னால் பழையது ஏன் போதாது என்று கேளுங்கள்.